வெள்ளிக்கு எத்தனை ரூபாய்? ரிங்கிட்–ரூபாய் விகிதத்தின் நீண்ட கணக்கு

2025 டிசம்பரில் இந்திய ரூபாய் முதல்முறையாக ஓர் அமெரிக்க டாலருக்கு 90 என்ற எல்லையைத் தாண்டியது. அதே நாள்களில் மலேசிய ரிங்கிட் (மலேசியத் தமிழர் வழக்கில் ‘வெள்ளி’) டாலருக்கு 4.10 அளவில் நின்றது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு ரிங்கிட்டுக்கு ஏறத்தாழ 22 ரூபாய் வருகிறது. பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் ஊருக்குப் பணம் அனுப்புவோருக்கு இது நல்ல செய்தி. ஆனால் இதை வைத்து ‘ரிங்கிட் வரலாற்று உச்சத்தில் இருக்கிறது’ என்று முடிவு கட்டினால் கணக்கு உதைக்கிறது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் டாலருக்கு 4.80 வரை இறங்கி, 1998க்குப் பிறகு காணாத சரிவு என்று பேசப்பட்டபோதும் ஒரு ரிங்கிட்டுக்கு 17 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. ரிங்கிட் டாலருக்கு 2.52 என்று திடமாக நின்ற 1996இல் கிடைத்ததோ 14 ரூபாய்தான். மெலிந்த வெள்ளிக்கு அதிக ரூபாயும் வலுத்த வெள்ளிக்குக் குறைந்த ரூபாயும் எப்படிக் கிடைக்கின்றன?

ரிங்கிட்–ரூபாய் விகிதம் பெரும்பாலும் தன் காலில் நின்றதில்லை என்பதே இதற்கு விடை. ஒரு காலத்தில் வெள்ளி உலோகமும், பிறகு பிரிட்டிஷ் பவுனும், இப்போது அமெரிக்க டாலரும் இரண்டு நாணயங்களுக்கும் நடுவே நிற்கும் அளவுகோலாக இருந்து வருகின்றன.

## முதலில் மூன்று சொற்கள்

1. குறுக்கு விகிதம். இரண்டு நாணயங்களின் விலையை மூன்றாவது நாணயம் ஒன்றின் வழியாகக் கணக்கிட்டுப் பெறுவது குறுக்கு விகிதம். உலகச் சந்தையில் ரிங்கிட்டும் ரூபாயும் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பெரிய அளவில் விற்கப்படுவதில்லை; ரிங்கிட்டை விற்று டாலர், டாலரை விற்று ரூபாய் என்பதே வழக்கமான பாதை. ஆகவே ரூபாய்–டாலர் விகிதத்தை ரிங்கிட்–டாலர் விகிதத்தால் வகுத்து வருவதைத்தான் நாம் செய்தியில் பார்க்கிறோம். மலேசியாவில் எதுவுமே நடக்காத ஒரு நாளில் மும்பையில் ரூபாய் விழுந்தாலும் ‘ரிங்கிட் உயர்வு’ என்று தலைப்பு வரலாம்.

2. மதிப்புக் குறைப்பு, மதிப்புச் சரிவு. நிலையாகக் கட்டி வைத்த விகிதத்தை ஓர் அரசு ஒரே நாளில் அறிவித்து மாற்றினால் அது மதிப்புக் குறைப்பு. மிதக்க விடப்பட்ட நாணயம் சந்தையில் இறங்குவது மதிப்புச் சரிவு. 1966இல் ரூபாய்க்கு நடந்தது முதலாவது. 2025இல் நடந்தது இரண்டாவது.

3. பண வீக்க வேறுபாடு. ஒரு நாட்டில் விலைவாசி மற்ற நாட்டைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தால், நீண்ட காலத்தில் அந்நாட்டு நாணயம் இறங்குவது இயல்பு. இந்தியாவின் பண வீக்கம் பல பத்தாண்டுகளாக மலேசியாவைவிடக் கூடுதலாகவே இருந்து வந்துள்ளது. கூடுதலாகக் கிடைக்கும் ரூபாயில் பெரும்பங்கை அங்குள்ள விலையேற்றம் தின்றுவிடுகிறது. விகிதம் இருமடங்கானபோது சென்னையில் ஒரு சாப்பாட்டின் விலையும் இருமடங்காகியிருந்தால், வெள்ளி வைத்திருப்பவருக்குக் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

## பெயரிலேயே இருக்கும் உலோகம்

மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல்விளிம்பு என்று பொருள். பழைய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் ஓரத்தில் இருந்த பல்வரிசையிலிருந்து வந்த பெயர் அது. இரண்டு பெயர்களும் ஒரே நாணயத்தைத்தான் சுட்டுகின்றன, ஒன்று அதன் உலோகத்தை, மற்றது அதன் விளிம்பை.

நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்தன. அரசாங்கக் கணக்கு ரூபாயில் எழுதப்பட, கடைத்தெருவில் புழங்கியதோ ஸ்பானிய, மெக்சிகோ டாலர்கள். ரூபாயைத் திணிக்க அதிகாரிகள் முயன்றும் வணிகர்கள் மசியவில்லை.

அந்தக் காலத்து விகிதத்தைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். ஒரு ரூபாயில் 165 கிரெய்ன் (பழைய சிற்றெடை அலகு) தூய வெள்ளியும் ஒரு மெக்சிகோ டாலரில் சுமார் 377 கிரெய்ன் வெள்ளியும் இருந்தன. வகுத்தால் ஒரு டாலருக்கு ஏறத்தாழ இரண்டேகால் ரூபாய். இரண்டு பக்கமும் ஒரே உலோகம் என்பதால் வெள்ளியின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த விகிதம் பெரிதாக அசையவில்லை.

அது குலைந்தது 1893இல். 1870களிலிருந்து பல நாடுகள் தங்கத்துக்கு மாறியதால் வெள்ளியின் விலை சரிந்துகொண்டே வந்தது. லண்டனுக்குத் தங்கத்தில் கடன் கட்டவேண்டியிருந்த இந்திய அரசு, 1893 ஜூன் 26 அன்று பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தியது. அதன்பின் ரூபாய் தன் உலோக மதிப்பை விட்டு விலகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் 1 ஷில்லிங் 4 பென்னி (இரண்டும் பவுனின் உட்பிரிவுகள்) என்ற நிலையில், அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று நிறுத்தப்பட்டது. பினாங்கின் டாலர் மட்டும் வெள்ளியோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போனது. 1902 வாக்கில் ஒரு டாலர் ஒன்றரை ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது.

## பவுன் காலம்: முக்காலே அரைக்கால் ரூபாயும் 39 ஆண்டு அமைதியும்

1903இல் நீரிணை டாலர் தனியாக அடிக்கப்பட்டது. 1906இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்னி என்று கட்டப்பட்டது. அதாவது 60 டாலருக்கு 7 பவுன். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்பதால் டாலர் 28 பென்னி, ரூபாய் 16 பென்னி. ஒரு டாலருக்கு ஒன்றேமுக்கால் ரூபாய், அன்றைய வழக்கில் 1 ரூபாய் 12 அணா.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் எட்டிப் பார்க்காத ஒரு கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. முதல் உலகப் போரின்போது வெள்ளியின் விலை தலைகீழாக ஏறியது. ரூபாயில் இருந்த உலோகமே அதன் முகமதிப்பைவிட விலை போகத் தொடங்கியதால், நாணயத்தை உருக்காமல் காப்பாற்ற இந்திய அரசு ரூபாயின் மதிப்பைப் படிப்படியாக உயர்த்தியது. 1920 பிப்ரவரியில் ரூபாய் 2 ஷில்லிங் 8 பென்னிக்கும் மேலே போனது. நீரிணை டாலரோ 2 ஷில்லிங் 4 பென்னியிலேயே கட்டுண்டு கிடந்தது. 28ஐ 32ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு முக்காலே அரைக்கால் ரூபாய், அதாவது 14 அணா. பினாங்கு வீதியிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் கிட்டங்கி (தொழிலகம்) வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், ஊருக்கு 1,000 ரூபாய் அனுப்ப 1,000 டாலருக்கு மேல் எண்ணி வைக்கவேண்டிய காலம் அது. வெள்ளியைவிட ரூபாய் உயர்ந்து நின்ற அந்த நிலை நீடிக்கவில்லை. ஓராண்டுக்குள் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்னிக்கும் கீழே விழுந்தது.

1927இல் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்னி என்று சட்டப்படி கட்டப்பட்டது. 28ஐ 18ஆல் வகுத்தால் 1.5556. தோட்டப்புறத்துப் பெரியவர்கள் ‘வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்’ என்று சொல்லிவந்த கணக்கு இதுதான். 100 டாலருக்கு 155 ரூபாய் 9 அணா. 1957இல் இந்தியா தசம முறைக்கு மாறிய பிறகு 155 ரூபாய் 56 நயா பைசா. அஞ்சல் கட்டணமும் வங்கித் தரகும் இதிலிருந்து சிறிது கழியும்; மற்றபடி எண் மாறவில்லை. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பை பிரிட்டன் அமெரிக்க டாலருக்கு எதிராக 4.03இலிருந்து 2.80க்குக் குறைத்தபோது ரூபாயும் மலாயா டாலரும் கூடவே இறங்கின. ஒரே படகில் இருந்த இருவரும் சேர்ந்து தாழ்ந்ததால் இடையிலிருந்த விகிதம் அப்படியே நின்றது.

இந்த 39 ஆண்டுகளில் ஒரே ஓர் இடைவெளி உண்டு. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரர்கள் காலத்தில், வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் அளவின்றி அச்சிடப்பட்டன. அவற்றுக்கும் ரூபாய்க்கும் பொருளுள்ள விகிதம் எதுவும் இருக்கவில்லை. போர் முடிந்ததும் அவை வெற்றுத்தாளாயின. அந்த நோட்டுகளில் அடைக்கப்பட்ட கடனை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்குகளுக்காக 1948இல் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது.

## 1966, 1967: இரண்டு மதிப்புக் குறைப்புகள்

1962, 1965 ஆகிய ஆண்டுகளின் போர்கள், வறட்சி, வெளிநாட்டு உதவி நிறுத்தம், அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை ஆகியவற்றின் அழுத்தத்தில் இந்திரா காந்தி அரசு 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆனது. மலேசியாவில் டாலர் எனப்பட்ட வெள்ளி அமெரிக்க டாலருக்கு 3.06 அளவிலேயே இருந்ததால், விகிதம் 1.56இலிருந்து 2.45க்குத் தாவியது. முந்தைய வாரம் 100 வெள்ளிக்கு 155 ரூபாய் பெற்ற குடும்பத்துக்கு அடுத்த வாரம் 245 ரூபாய் சேர்ந்தது.

இந்த நிகழ்வைச் சில கட்டுரைகள் 36.5 விழுக்காட்டு வீழ்ச்சி என்றும் சில 57.5 விழுக்காட்டு ஏற்றம் என்றும் எழுதுகின்றன. இரண்டும் சரி. 4.76 ரூபாய்க்கு வாங்கிய டாலரை 7.50 கொடுத்து வாங்குவது 57.5 விழுக்காடு கூடுதல் செலவு. ஒரு ரூபாய் வாங்கக்கூடிய டாலரோ 36.5 விழுக்காடு குறைந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் எழுதுவதால்தான் வாசகர் குழம்புகிறார்.

அடுத்த ஆண்டு நடந்தது பினாங்கு மக்களின் கைக்குள்ளேயே நடந்தது. 1959இல் தொடங்கப்பட்ட மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1967 ஜூன் 12 அன்று சொந்த நோட்டுகளை வெளியிட்டது. பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ டாலர் நோட்டுகளும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் உடன் புழங்கின. நவம்பர் 18 அன்று பவுனின் மதிப்பு மறுபடியும், 2.80இலிருந்து 2.40க்குக் குறைக்கப்பட்டது. புதிய நாணயம் தங்கத்தின் அளவில் தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் அதோடு சேர்ந்து இறங்கியது. ஒரே இரவில் பழைய ஒரு டாலர், புதிய 85 சென் ஆனது.

வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் முன்னமே மாற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. சேமிப்பை வீட்டிலேயே பழைய நோட்டாக வைத்திருந்த சிறு வியாபாரியும் கூலித் தொழிலாளியும்தான் 100க்கு 15 இழந்தார்கள். நவம்பர் 24 அன்று தொழிற்கட்சி அழைத்த ஹர்த்தால் (கடையடைப்பு) பினாங்கில் கலவரமாக மாறி, உயிர்கள் பலியாகி, ஊரடங்கு போடப்பட்டது. விகிதப் பட்டியலில் இந்தக் கொந்தளிப்பின் சுவடே கிடையாது. இந்தியா அந்த முறை பவுனைப் பின்தொடராததால் ரூபாய் டாலருக்கு 7.50இலேயே நின்றது, வெள்ளிக்கு 2.45 என்பதும் நின்றது. ஆனால் கையில் 100 பழைய டாலர் வைத்திருந்தவருக்கு 85 வெள்ளிதான் என்பதால், ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடியது 245 ரூபாய் அல்ல, 208 ரூபாய்.

## மிதக்கத் தொடங்கிய பின்

1973 மே மாதத்தில் சிங்கப்பூருடனான ஒன்றுக்கு ஒன்று மாற்று ஏற்பாடு முடிந்தது. ஜூனில் மலேசிய நாணயம் மிதக்க விடப்பட்டது. 1975இல் ரிங்கிட் என்ற பெயர் அதிகாரப்பூர்வமானது. அதே 1975இல் ரூபாய் பவுனை விட்டு, பல நாணயங்கள் கொண்ட ஒரு தொகுப்போடு கட்டப்பட்டது. அதன்பின் ரூபாயின் இறக்கம் மெதுவாக ஆனால் இடைவிடாமல் நடந்தது. ஆண்டுச் சராசரிகளைத் தோராயமாக எடுத்தால், 1980இல் ரிங்கிட்டுக்கு 3.60 ரூபாய், 1990இல் 6.50. அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றிப்போன 1991இல், ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் இந்தியா இரண்டு படிகளாக மதிப்பைக் குறைத்தது. 1993இல் ரூபாயின் விலை சந்தைக்கு விடப்பட்டபோது விகிதம் 12ஐ நெருங்கியிருந்தது.

1997இல் அடி இந்தப் பக்கம் விழுந்தது. ஜூலை 2 அன்று தாய்லாந்து பாட் சரிந்தது. ஜூலை 14 அன்று பேங்க் நெகாரா ரிங்கிட்டைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. டாலருக்கு 2.52 என்றிருந்த விகிதம் 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. ரூபாயும் அதே காலத்தில் 36இலிருந்து 39 அளவுக்கு இறங்கியது என்றாலும், 14 ரூபாய் பெற்றுக்கொண்டிருந்த வெள்ளி 8 ரூபாய்க்கு வந்துவிட்டது. ரூபாய்க்கு எதிராகவே வெள்ளி இப்படி மடிந்தது 1920க்குப் பிறகு இதுதான் என்று கருதுகிறேன்.

1998 செப்டம்பர் 2 அன்று ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டு, 2005 ஜூலை 21 வரை அங்கேயே இருந்தது. மாணவர்களுக்குக் குறுக்கு விகிதத்தை விளக்க இதைவிட நல்ல காலம் இல்லை. வகுக்கும் எண் மாறாததால், ரிங்கிட்–ரூபாய் விகிதத்தின் ஒவ்வோர் அசைவும் ரூபாயின் அசைவுதான். 2002இல் ரூபாய் 49ஐத் தொட்டபோது விகிதம் 13ஐ எட்டியது. 2005இல் ரூபாய் 43.50க்கு மீண்டபோது 11.40க்கு இறங்கியது.

பிற்பாடு எண்ணெய் விலை குறுக்கே புகுந்தது. இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. மலேசியாவின் அரசு வருவாயில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெரும்பங்கு உண்டு. ரூபாய் 68ஐத் தாண்டிய 2013 ஆகஸ்டில் ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் கிடைத்தது. 2014இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்தபோது ஒரே நிகழ்வு இந்தியாவின் சுமையைக் குறைத்து மலேசியாவின் வருவாயை வெட்டியது. 2015 செப்டம்பரில் விகிதம் மறுபடி 15 அளவுக்கு வந்துவிட்டது.

## 22ஐப் பிரித்துப் பார்த்தால்

1996ஐயும் 2025 இறுதியையும் பக்கத்தில் வைப்போம்.

1. ரிங்கிட் டாலருக்கு 2.52இலிருந்து 4.10 ஆனது. அதன் டாலர் மதிப்பில் ஏறத்தாழ 38 விழுக்காடு போயிற்று.
2. ரூபாய் 35.40இலிருந்து 90 ஆனது. அதன் டாலர் மதிப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு போயிற்று.
3. இரண்டும் விழுந்தன, ரூபாய் அதிகமாக விழுந்தது. அந்த வேறுபாடுதான் 14ஐ 22 ஆக்கியது.

வேறோர் அளவுகோல் வேண்டுமானால் ஜொகூர் பாலத்தைப் பார்க்கலாம். 1973இல் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த சிங்கப்பூர் டாலரை வாங்க இன்று 3 ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும். அதே ரிங்கிட், அதே காலம். ரூபாயைக் கொண்டு அளந்தால் வளர்ச்சி, சிங்கப்பூர் டாலரைக் கொண்டு அளந்தால் தேய்வு. ‘உச்சம்’ என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது தவறு என்பது என் கருத்து.

2023 ஏப்ரலில் இந்தியா–மலேசியா வணிகத்தை ரூபாயிலேயே முடித்துக்கொள்ள வழி திறக்கப்பட்டது. டாலரைத் தொடாமல் கணக்கு முடிக்கலாம். ஆயினும் எந்த விலைக்கு முடிப்பது என்று பார்க்கையில் மேலே சொன்ன இரண்டு டாலர் விகிதங்கள்தாம் மறுபடி அடிப்படையாகின்றன.

## பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது

1. திசை. பேங்க் நெகாரா ரூபாயை 100 அலகுக்கு இத்தனை ரிங்கிட் என்று வெளியிடுகிறது. 22 ரூபாய் என்பது அங்கே 4.55 என்று இருக்கும். ரிங்கிட் ஏறினால் அந்த எண் இறங்கும்.

2. சராசரியா, இறுதி நாளா. 1997இன் ஆண்டுச் சராசரியில் டாலருக்கு 2.81 ரிங்கிட், ஆண்டின் கடைசி நாளில் 3.89. ரூபாய்க்குக் கணக்கிட்டால் முதலாவதில் 12.90, இரண்டாவதில் 10.10. ஒரே ஆண்டு, இரண்டு பட்டியல், இரண்டும் பிழையில்லை.

3. எந்த டாலர். 1975க்கு முந்தைய உள்ளூர் ஆவணங்களில் ‘டாலர்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் நம் வெள்ளிதான். அதை அமெரிக்க டாலர் என்று எண்ணிப் பெருக்கினால் தாத்தா காலத்துச் சம்பளம் மும்மடங்காகிவிடும்.

4. இரட்டை விகிதம். 1992 மார்ச்சிலிருந்து ஓராண்டு காலம் இந்தியாவில் அரசு விகிதமும் சந்தை விகிதமும் தனித்தனியாக இருந்தன. அந்த ஆண்டுக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எவ்வகை என்று கேட்கவேண்டும்.

## பலகையில் இருக்கும் எண்

இதுவரை சொன்னவை நடு விகிதங்கள், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ளவை. பினாங்கு லெபோ பசாரில் நாணய மாற்றுக் கடையின் பலகையில் அந்த நடு எண் இருக்காது. கொடியின் படத்துக்குப் பக்கத்தில் 100 ரூபாய் என்று போட்டு, வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றுமாக இரண்டு எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக நடு விகிதம் 4.55 ஆக இருக்கும்போது கடைக்காரர் 4.40க்கு வாங்கி 4.70க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளியைக் கொடுப்பவருக்கு 21,277 ரூபாய் கிடைக்கும். நடு விகிதத்தில் 21,978 வந்திருக்கவேண்டும். பயணம் நின்றுபோய், அந்த ரூபாயை மறுநாளே திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது 936 வெள்ளி. விகிதம் எங்கும் நகரவில்லை. 64 வெள்ளி இடையிலேயே நின்றுவிட்டது.

அந்த 64 முழுதும் இலாபம் என்று நினைப்பது கடைக்காரருக்கு நியாயம் செய்யாது. வாடகையும் ஆள் சம்பளமும் போக, நோட்டை இழுப்பறையில் வைத்திருக்கும் ஆபத்துக்கும் அதற்குள்தான் விலை இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு இந்தியா 500, 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. மறுநாள் காலையிலும் ரிங்கிட்–ரூபாய் விகிதம் வழக்கம்போல் 15 சொச்சத்தில்தான் இருந்தது. ஆனால் இழுப்பறையில் இருந்த 500 ரூபாய்க் கட்டை அந்த விலைக்கோ வேறு விலைக்கோ வாங்கிக்கொள்ளக் கடைத்தெருவில் ஆளில்லை.